கல் உருட்டுற மெஷின் வாங்கி முதல் பேட்ச் போட்டேன், சாஃப்ட் கல் எல்லாம் நொறுங்கிடுச்சு, எங்க தப்பு?

நொய்யல்கரை:

வணக்கங்க. நான் காங்கேயம் பக்கம். தோட்டத்துல உழவு ஓட்டுறப்ப மேல வர்ற கல்லைப் பொறுக்கி சேர்த்து வைக்கிறது சின்ன வயசுல இருந்தே பழக்கம், பெரும்பாலும் வெங்கச்சாங்கல்தான் வரும், நடுநடுவுல பால் மாதிரி மங்கலா, திருப்பினா உள்ள நீலமா ஒரு வெளிச்சம் ஓடுற கல்லும் கிடைக்கும், அது மூன்ஸ்டோன்னு கல்லு வாங்க வர்றவங்க சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். போன மாசம் கிணறு ஆழப்படுத்தினப்ப அப்பா ஒரு உரச்சாக்கு நிறைய எடுத்துட்டு வந்து குடுத்தாருங்க, இனியும் சும்மா வச்சிருக்கக் கூடாதுன்னு ஆன்லைன்ல ஒரு சின்ன டம்ளிங் மெஷின் வாங்கிட்டேன், 3 பவுண்டு ரப்பர் டப்பா, கூடவே 4 பாக்கெட் பவுடர் வந்துச்சு. கூடவே ஆசைப்பட்டு ஊதா கலர் ஃபுளோரைட் கொஞ்சம், பச்சை மாலகைட் கொஞ்சம் வாங்கினேன்.

எல்லாத்தையும் ஒண்ணா டப்பால போட்டு, தண்ணி ரொப்பி, முதல் பாக்கெட்டைக் கொட்டி 7 நாள் ஓட விட்டேன். தொறந்து பாத்தா மனசு விட்டுப் போச்சுங்க. ஃபுளோரைட் பாதி காணோம், மீதி சின்னச் சின்ன சில்லா கிடக்குது. மாலகைட் பட்டாணி அளவுக்குக் கரைஞ்சிருக்கு, தண்ணி பூராம் பச்சை. மூன்ஸ்டோன் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி பேந்திருக்கு. ஆனா வெங்கச்சாங்கல் மட்டும் போட்ட மாதிரியே, மூலை கூட சரியா மழுங்கலை.

மெஷின்ல கோளாறா இல்ல நான் செஞ்சதுல தப்பா? அந்த மூன்ஸ்டோன்ல இன்னும் ஒரு 40 கல் தொடாம வச்சிருக்கேன், அதையும் கெடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சாணைக்கல்:

சிஸ்டர், மெஷின் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. அதுக்கு உள்ள போட்ட கூட்டணிதான் தப்பு. வெங்கச்சாங்கல்ங்கிறது குவார்ட்ஸ், மோஸ் அளவுல (கல்லோட கடினத்தை 1ல இருந்து 10 வரைக்கும் சொல்ற அளவு) கடினம் 7. மூன்ஸ்டோன் 6ல இருந்து ஆறரைக்குள்ள. ஃபுளோரைட் 4, மாலகைட் மூணரைல இருந்து 4 வரைக்கும். நாலையும் ஒரே டப்பால போட்டா ஏழு இருக்கிறவன் நாலு இருக்கிறவனை அரைச்சுத் தின்னுடுவான், உங்க டப்பால அந்த வாரம் ஃபுளோரைட்டும் மாலகைட்டும் கல்லா இல்லை, வெங்கச்சாங்கல்லுக்குத் தீனியாத்தான் இருந்திருக்கு. ஒரே பேட்ச்ல கடினம் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கிற கல்லு மட்டும்தான் போகணும், இதை விட்டா மத்த எதைச் சரியா செஞ்சும் பிரயோஜனம் இல்லை.

இன்னொண்ணு பிளவு. கல்லு கடினமா இருக்கிறது வேற, உடையாம இருக்கிறது வேற. ஃபுளோரைட் நாலு திசைல கண்ணாடி மாதிரி சுத்தமாப் பிளக்கும், லேசா ஒரு தட்டு விழுந்தாலே போதும். மூன்ஸ்டோன் ஃபெல்ஸ்பார் குடும்பம், அது ரெண்டு திசைல ஏறக்குறைய செங்கோணமாப் பிளக்கும், நீங்க படிக்கட்டு மாதிரின்னு சொன்னீங்க பாருங்க, அது இந்தப் பிளவுதான், அவ்வளவு சரியாப் பாத்திருக்கீங்க. குவார்ட்ஸ்க்கு அப்படி ஒரு பிளவே கிடையாது, அதனாலதான் அது எத்தனை அடி வாங்கினாலும் நிக்குது.

வெங்கச்சாங்கல் ஏன் மாறலைன்னா, அதுக்கு 7 நாள் பத்தாது. முரட்டுக் கல்லுன்னா முதல் ஸ்டேஜே ரெண்டு வாரம் மூணு வாரம் ஆகும், வாரத்துக்கு ஒரு தடவை கழுவிட்டுப் புதுப் பவுடர் போடணும், பழைய பவுடர் உடைஞ்சு மாவா போயிருக்கும். முதல் பாக்கெட் 60/90 சிலிகான் கார்பைடா இருக்கும் (நம்பர் ஏற ஏற பவுடர் நைஸாகும்), நம்ம ஊர் ஹார்டுவேர் கடைல கார்போரண்டம் பவுடர்னு கேட்டா தெரியும். அடுத்து 120/220, அப்புறம் 500, கடைசில அலுமினியம் ஆக்ஸைடு பாலிஷ்.

தண்ணி ரொப்பினேன்னு சொல்றீங்க, அதுவும் தப்புங்க. டப்பால மூணுல ரெண்டு பங்குல இருந்து முக்கால் வரைக்கும் கல்லு இருக்கணும், தண்ணி மேல் வரிசைக் கல்லுக்குக் கொஞ்சம் கீழ நிக்கணும், 3 பவுண்டு டப்பான்னா கல்லு தண்ணி எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1.3 கிலோதான், பவுடர் 4 டேபிள்ஸ்பூன். கல்லு கம்மியா தண்ணி ஜாஸ்தியா இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு சறுக்கி உருளாம மேல இருந்து கீழ விழும், விழுற அடிலதான் மூன்ஸ்டோன் பேந்துருக்கு. காது வச்சுக் கேளுங்க, ஓடைல மணல் நகர்ற மாதிரி ஒரே சீரா சளசளன்னு கேட்டா சரி, டக் டக்குன்னு கேட்டா உள்ள கல்லு அடி வாங்குதுன்னு அர்த்தம், உடனே நிறுத்திட்டு கல்லு சேருங்க.

அப்புறம் ஒரு விஷயம், நீங்க காங்கேயம்னு சொன்னதும் எனக்கு கொடுமணல்தான் ஞாபகம் வந்துச்சு. அதே நொய்யல் கரைல, சென்னிமலைப் பக்கம். 2000 வருஷத்துக்கு முன்னாடியே அங்க கல்மணி செஞ்சிருக்காங்க, தோண்டினப்போ பெரில், நீலக்கல், படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம் எல்லாம் கிடைச்சுது, அதுல முழுசா முடிச்ச மணி மட்டும் இல்லை, துளை போடாதது, பாலிஷ் போடாதது, பாதில நின்னதுன்னு எல்லா ஸ்டேஜும் இருக்கு. மெஷின் இல்லாம, கரண்டு இல்லாம, கைல இழைச்சே அந்த வழவழப்பு கொண்டுவந்திருக்காங்க. நீங்க இப்ப பண்றது அந்த மண்ணோட வேலை, ஒரு பேட்ச் கெட்டதுக்கு விட்டுடாதீங்க.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்கண்ணா, கொடுமணல் எங்க ஊர்ல இருந்து பக்கம்தான், இத்தனை நாள் போய்ப் பாக்கலைங்கிறது இப்பதான் உறைக்குது. கல்லு தண்ணி அளவு புரிஞ்சுது. ஆனா எது எத்தனை கடினம்னு எனக்கு எப்படித் தெரியும்ங்க? அப்பா குடுத்த சாக்குல பேர் தெரியாத கல்லே பாதி இருக்கு. அப்புறம் சாஃப்ட் கல்லை மெஷின்ல போடவே கூடாதா, இல்ல வேற வழி ஏதாவது இருக்குங்களா?

சாணைக்கல்:

வீட்ல இருக்கிறதை வச்சே பிரிச்சுடலாம். நகம் கீறுச்சுன்னா கடினம் ரெண்டரைக்குக் கீழ, அதைக் கைலதான் செய்யணும். செம்புக் கம்பி கீறினா மூணு பக்கம். நல்ல இரும்புக் கத்தி கீறினா ஐந்தரைக்குக் கீழ, ஃபுளோரைட், மாலகைட், அபடைட் எல்லாம் இங்க மாட்டும். கத்தி கீறாம, அந்தக் கல்லு ஒரு பழைய பாட்டில் கண்ணாடியை லேசாக் கீறினா ஃபெல்ஸ்பார் மாதிரி 6 பக்கம், ஆழமா சர்ருன்னு கீறினா குவார்ட்ஸ். கீறின கோடு நிஜக் கீறலா இல்ல கத்தியோட இரும்பு கல்லு மேல ஒட்டினதான்னு ஈர விரலால தேய்ச்சுப் பாத்துக்கோங்க, நிறைய பேர் இதுல ஏமாறுவாங்க. சந்தேகம் வந்தா ஒரு மூலைல ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறோ வினிகரோ விடுங்க, நுரைச்சா சுண்ணாம்பு வகை, கால்சைட் மார்பிள் மாதிரி. மாலகைட்லயும் லாபிஸ்ங்கிற கருநீலக் கல்லுலயும் அந்த வேலை வேணாம், மாலகைட் செம்புக் கார்பனேட், லாபிஸ்ல கால்சைட் கலந்திருக்கும், புளிப்பு பட்டா ரெண்டோட பளபளப்பும் போயிடும்.

சாஃப்ட் கல்லை மெஷின்ல போடலாம், ஆனா அதை வெங்கச்சாங்கல் மாதிரி நடத்தக் கூடாது. 60/90 பக்கமே போகாதீங்க, நேரா 220ல ஆரம்பிங்க, அதுவும் 3 நாள் 4 நாள் போதும், தினமும் தொறந்து பாருங்க. டப்பால பாதிக்குப் பாதி சின்ன பிளாஸ்டிக் குருணை போடணும், பிளாஸ்டிக் கம்பெனிகள்ல வர்ற குருணை மாதிரியே இருக்கும், அது மெத்தை மாதிரி கல்லைத் தாங்கும். ஸ்பீடு பட்டன் இருந்தா இருக்கிறதுலயே கம்மி ஸ்பீடு. அப்புறம் 500ல ஒரு வாரம், பாலிஷ்ல ஒரு வாரம். ஒரு ஸ்டேஜ்ல போட்ட குருணையை அடுத்த ஸ்டேஜுக்கு எடுக்காதீங்க, முரட்டுப் பவுடர் அதுல குத்தி உக்காந்திருக்கும், பாலிஷ்ல ஒரே ஒரு துகள் வந்தாலும் 20 கல்லும் கோடு கோடா ஆயிடும். ஸ்டேஜுக்கு ஒரு டப்பா குருணை, மேல எழுதி வச்சிடுங்க. கழுவுறப்ப பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால வெடிப்பு இருக்கிற இடம், மூடி, ரப்பர் இடுக்கு எல்லாம் தேய்ங்க.

உமி போடலாமான்னு யாராவது சொல்வாங்க, நான் போட்டுப் பாத்துட்டேன், அது நல்லாத் தாங்குது, ஆனா நம்ம வெயிலுக்கு மூணாம் நாள் புளிச்சு டப்பா உப்பிடுது, நாத்தம் வேற. பிளாஸ்டிக்கே நிம்மதி. உமி இல்லைன்னாலும் தினம் ஒரு தடவை மூடியைத் தொறந்து காத்தை விடுங்க, சில கல்லுல இருந்து வாயு வந்து டப்பா வீங்கும்.

மீட்டியாகொட:

வணக்கம் அக்கா, நான் இலங்கையில காலிப் பக்கம் இருக்கிறன். மூன்ஸ்டோன், எங்கட பேச்சில சந்திரகாந்தக்கல், எண்டதும் எழுதாம இருக்க ஏலாமப் போச்சு. எங்கட பக்கம் அம்பலாங்கொடைக்குக் கிட்ட மீட்டியாகொடையில குழி வெட்டி, வெள்ளைக் களிமண்ணுக்குள்ள இருந்து இந்தக் கல்லை எடுக்கிறவை, நல்ல நீலம் ஓடுற கல்லுக்கு அந்த ஊர் பேர் போனது. நான் கல் வெட்டுற பட்டறையில கன காலம் வேலை செய்தனான், அதால ஒண்டை மட்டும் சொல்லுறன், மிச்சமா இருக்கிற அந்த 40 கல்லையும் தயவுசெய்து மெஷினுக்குள்ள போடாதேங்கோ.

ஏனெண்டா அந்த நீல வெளிச்சம் கல்லின்ர மேற்பரப்பில இல்லை. ரெண்டு வகை ஃபெல்ஸ்பார் மெல்லிய தாள் அடுக்கின மாதிரி கல்லுக்குள்ள அடுக்கடுக்கா இருக்கு, வெளிச்சம் அந்த அடுக்குகளில பட்டுச் சிதறித்தான் அந்த மினுக்கம் வருது. அந்த அடுக்குக்கு நேர் மேல நிண்டு பார்த்தாத்தான் நல்லாத் தெரியும், கொஞ்சம் சரிஞ்சாலும் மங்கிப்போகும். மெஷினுக்குத் திசை தெரியாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உருட்டிப் போடும், வடிவா உருண்டு வரும் ஆனா நீலம் எங்கயோ ஒரு ஓரத்தில போய் நிக்கும், இல்லாட்டி அந்தப் பக்கமே தேய்ஞ்சிடும்.

கல்லைத் தண்ணியில நனைச்சு, இருட்டு அறையில ஒரே ஒரு மின்விளக்குக்குக் கீழ வச்சு மெதுவா உருட்டிப் பாருங்கோ. நீலம் நல்லாப் பரவித் தெரியிற இடம் வந்த உடன நிப்பாட்டி அந்த மேல் பக்கத்தில பென்சிலால ஒரு புள்ளி போடுங்கோ. புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கம் தட்டையா அடி, புள்ளி இருக்கிற பக்கம் முட்டை ஓடு மாதிரி வளைவு. அவ்வளவுதான் அக்கா, அந்த ஒரு புள்ளியிலதான் முழுக் கல்லும் இருக்கு. பட்டறையில புதுப் பெடியளுக்கு வெட்டப் பழக்க முதல், மாசக் கணக்கா இந்தப் புள்ளி போடுறதைத்தான் பழக்குவினம்.

பிடிச்சு இழைக்க ஒரு குச்சி நுனியில அரக்கு உருக்கி கல்லை ஒட்டுங்கோ. கல் குளிரா இருக்கேக்க சூடான அரக்கில வைக்காதேங்கோ, பிளவுள்ள கல் வெடிச்சிடும், முதல்ல கல்லை விளக்குச் சூட்டில மெதுவா இளஞ்சூடாக்கி எடுக்கவேணும்.

மொசைக்தரை:

எங்கப்பா மொசைக் தரைக்கு பாலிஷ் போடுற வேலை, முப்பது வருஷம் செஞ்சாரு, நானும் லீவு நாள்ல கூடப் போவேன், அதனால கைல இழைக்கிறது பத்தி நான் சொல்றேன். கடைல வாட்டர் பேப்பர்னு கேளுங்க, வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவங்க ஈரத்துல தேய்க்கிறது, கருப்பா இருக்கும். 220, 400, 600, 1000, 2000 ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஷீட், பெரிய செலவு இல்லை. ஒரு கண்ணாடித் துண்டு மேல பேப்பரை ஒட்டி, தண்ணி விட்டு விட்டு, கல்லைச் சுத்திச் சுத்தி உருட்டியபடி தேய்க்கணும், ஒரே இடத்துல தேய்ச்சா தட்டையாயிடும். பேப்பர் மாத்துறதுக்கு முன்னாடி கல்லைத் துடைச்சுக் காயவிட்டு வெளிச்சத்துல பாருங்க, முந்தின பேப்பரோட கோடு ஒண்ணு தெரிஞ்சாலும் அடுத்ததுக்குப் போகாதீங்க, 220ல விட்ட கோட்டை 1000 எடுக்காது, பாலிஷ் போட்டப்புறம் அந்தக் கோடுதான் முதல்ல கண்ணுல படும். எங்கப்பா தரைல மண்டி போட்டு கன்னத்தைத் தரையோட ஒட்டி வச்சு வெளிச்சத்துல கோடு பாப்பாரு, அந்தப் பொறுமை எனக்கு இன்னும் வரலை.

கடைசில பழைய தோல் பெல்ட்டு, உள் பக்கம் மேல வர்ற மாதிரி கட்டைல ஒட்டி, சீரியம் ஆக்ஸைடை தண்ணில குழைச்சுத் தடவித் தேய்ங்க, கண்ணாடி பாலிஷ் போடுறவங்ககிட்ட கிடைக்கும், மூன்ஸ்டோனுக்கும் குவார்ட்ஸுக்கும் நல்லா ஏறும். ஃபுளோரைட்டுக்கு அலுமினியம் ஆக்ஸைடு, அழுத்தாம, சூடு ஏத்தாம.

இப்ப நான் எழுத வந்த விஷயம் இதுதான். எதைத் தேய்ச்சாலும் ஈரத்துலயே தேய்ங்க. காஞ்ச கல்லுத் தூசி, முக்கியமா குவார்ட்ஸ் தூசி, கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமா நுரையீரல் வரைக்கும் போய் உக்காந்துக்கும், திரும்ப வராது, அதுதான் சிலிகோசிஸ். குஜராத்ல கம்பாத்துல தலைமுறை தலைமுறையா அகேட் கல்லு இழைக்கிற குடும்பங்கள் இந்த நோயால எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்காங்கன்னு நிறைய பதிவாகியிருக்கு. ட்ரில்லு, கிரைண்டர் எதுலயும் காய வச்சு இழைக்காதீங்க. டம்ளிங் தண்ணி தரைல சிந்திக் காஞ்சா அதுவும் தூசிதான், துடைப்பத்தால பெருக்காம ஈரத்துணியால துடைங்க. எங்கப்பாவுக்கு இப்ப மாடி ஏறினா மூச்சு வாங்குது. அதனாலதான் இவ்வளவு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

இன்னொண்ணு, அந்தச் சேறு. பாத்ரூம் குழாய்லயோ கிச்சன் சிங்க்லயோ ஊத்திடாதீங்க, உள்ள போய் சிமென்ட் மாதிரி இறுகி பைப்பையே உடைக்க வேண்டி வரும். பக்கெட்ல ஒரு நாள் தெளிய விட்டு, சேறை பழைய கவர்ல கட்டிக் குப்பைல போடுங்க.

நொய்யல்கரை:

அப்பா உடம்பு பாத்துக்கோங்க அண்ணா, நீங்க சொன்னதை ஒரு வரி விடாம எழுதி வச்சுக்கிட்டேன். அந்தப் பச்சைத் தண்ணி இன்னும் பக்கெட்லயேதான் இருக்கு, தென்னைக்கு ஊத்திடலாமான்னு அம்மா கேட்டாங்க, நான் வேணாம்னுட்டேன், சரிதானுங்களா? அப்புறம் வீட்ல பழைய வெட் கிரைண்டர் ஒண்ணு சும்மா கிடக்கு, பெரிய கல்லை அதுல உருட்டலாமான்னு தம்பி கேக்குறான்.

சாணைக்கல்:

ஊத்தாதது ரொம்ப சரி. அதுல இருக்கிறது செம்பு, மண்ணுல சேர்ந்தா செடிக்கு ஆகாது, கிணத்துல மீன் இருந்தா செத்துடும். தெளிய விட்டு மேல் தண்ணியையும் கிணத்துப் பக்கமோ வாய்க்கால் பக்கமோ விடாதீங்க, மண்ணோ மரத்தூளோ கலந்து இறுக வச்சுத் தனியாக் கட்டிடுங்க. மாலகைட்டைத் தொட்ட கையோட சாப்பிடவும் கூடாது, கொழந்தைங்க இருந்தா எட்டாம வைங்க. அதை மெஷின்ல போடுற ஆசையையே விட்டுடுங்க, கைல, ஈரத்துல, கையுறை போட்டு.

கிரைண்டர் வேணாம்னு தம்பிகிட்ட சொல்லுங்க. அது அரிசி உளுந்தைக் கல்லுக்கு நடுவுல வச்சு நசுக்கறதுக்குச் செஞ்சது, நமக்கு வேண்டியது கல்லு மேல கல்லு சறுக்கறது. ரெண்டும் எதிரெதிர் வேலை. மேலும் ஒரு தடவை கார்போரண்டம் போன பாத்திரம் திரும்ப சமையலுக்கு ஆகவே ஆகாது. அந்த மோட்டாரைக் கழட்டி, ரெண்டு ரோலர் வச்சு, பெரிய பிவிசி பைப்புக்கு உள்ள சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டி டப்பா செய்யலாம், எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் அப்படித்தான் ஓட்டுறாரு, ஆனா வேகத்தை நல்லாக் குறைக்கணும், தண்ணி பக்கத்துல கரண்டு வேலைங்கிறதால தெரிஞ்ச எலக்ட்ரீஷியனை வச்சு மட்டும் செய்ங்க.

நொய்யல்கரை:

ஆறு வாரம் கழிச்சு வர்றேங்க. வெங்கச்சாங்கல்லைத் தனியா மூணு வாரம் முதல் ஸ்டேஜ்ல விட்டேன், வாரா வாரம் பவுடர் மாத்தினேன், இப்ப 500ல ஓடிட்டிருக்கு, சத்தம் நீங்க சொன்ன மாதிரியே சளசளன்னு இருக்கு. ராத்திரி அந்தச் சத்தம் கேக்கலைன்னா எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வர்றேன்.

மூன்ஸ்டோன் கைலதான். இருட்டு ரூம்ல உக்காந்து புள்ளி போட்டேன், 40ல 11 கல்லுலதான் நீலம் நல்லா வருது, மீதி வெறும் வெள்ளை. முதல் கல்லு ரெண்டு பாதியாப் பிளந்துடுச்சு, ரெண்டாவது கல்லுல 220 கோடு ஒண்ணை விட்டுட்டு 1000 வரைக்கும் போயிட்டேன், திரும்ப 220ல இருந்து வந்தேன். மூணாவது கல்லு நேத்து சாயங்காலம் முடிஞ்சுது. தோல் பெல்ட்டுல கடைசி பத்து நிமிஷம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துச்சு, கழுவிட்டு வாசல் லைட்டுல திருப்பினேன், நிலா தண்ணிக்கு அடில நகர்ற மாதிரி நீலம் இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் போச்சுங்க. அப்பா கைல குடுத்தேன், நம்ம கிணத்துக் கல்லான்னு ரெண்டு தடவை கேட்டாரு, இப்ப அவரு சட்டைப் பைலதான் இருக்கு.

ஒரு சந்தேகம், முடிச்ச கல்லையெல்லாம் ஒரே டப்பால போட்டு வைக்கலாமா?

மீட்டியாகொட:

வேண்டாம் அக்கா, ஒண்டையொண்டு உரசும், வெங்கச்சாங்கல் சந்திரகாந்தத்தைக் கீறிப்போடும். ஒவ்வொண்டையும் தனித்தனியாப் பஞ்சில சுத்தி வையுங்கோ. அப்பாவின்ர சட்டைப் பையில சாவியோ சில்லறையோ இருந்தா அந்தக் கல்லுக்கும் ஒரு சின்னத் துணிப்பை தைச்சுக் குடுங்கோ.